மைனாவதி சொன்ன எடைகள்

கூத்தாம்பாறையில் ஆண்கள் ஊர் ஊராகப் போய்த் தரையைத் துளைத்தார்கள், பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பார்சல் கட்டினார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்து மற்ற ஊர்களைப் போலவே அங்கேயும் வீட்டுக்கு ஒருத்தர் போர்வெல் வண்டியில் ஏறிப் போயிருந்தார். சத்தீஸ்கர் என்றும் ஒடிசா என்றும் போனில் பேர் மட்டும் கேட்ட ஊர்களில் ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் தேடிக்கொண்டிருந்த அந்த ஆண்களுக்கு, கொள்ளுப்பொடியும் பருப்புப்பொடியும் எள்ளுருண்டையும் நாரத்தங்காய் ஊறுகாயும் வெள்ளைக் காடாத்துணிக்குள் தைக்கப்பட்டு, மாதம் ஒருதரம் தபாலில் போய்க்கொண்டிருந்தன.

ஊரில் இருந்தது ஒற்றை அறைத் தபால் ஆபீஸ். ஐந்து கிலோ வரைக்கும்தான் அங்கே பார்சல் எடுப்பார்கள். எடையை வீட்டிலேயே பார்த்து விலாசத்துக்குக் கீழே எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பது போஸ்ட்மாஸ்டர் நடராசனின் வழக்கம். ஐந்து கிலோவுக்கு மேல் ஒரு நூல் கூடினாலும் தையலைப் பிரிக்கச் சொல்லிவிடுவார். அப்படித்தான் ஒருநாள் மைனாவதியின் பார்சல் நாற்பது கிராம் கூடிப்போனது. பின்னால் பதினோரு பேர் நிற்க, அவள் பல்லால் நூலைக் கடித்து, துணியைப் பிரித்து, இரண்டு எள்ளுருண்டையை வெளியே எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏனுங் அம்மிணி, அந்த உருண்டையை இப்படிக் குடுத்தா நானாச்சும் திம்பனல்லோ," என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது வரைக்கும் எரிந்தது. பேருதான் மைனா, வாயைத் திறந்தால் ஒரு சத்தம் வராது என்று ஊரே கேலி பேசும் பெண் அவள். ஐந்தாவதோடு படிப்பு நின்றது, இருபத்திரண்டு வயதில் கையில் ஒரு குழந்தை. இனிமேல் நாலுபேர் முன்னால் தன்னை நிறுத்தாத ஒரு தராசு வாங்கியே தீருவது என்று அன்றைக்கு வீடு வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

தராசு வாங்குவது லேசுப்பட்ட காரியமாக இல்லை. செவ்வாய்ச் சந்தையில் முதலில் பார்த்தது பழைய பேப்பர்காரர்கள் வைத்திருக்கும் கொக்கித் தராசு. அவள் பையில் கொண்டுபோயிருந்த ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை அதில் மாட்டினால் ஒரு கிலோ இருநூறு என்றது. அடுத்தது கடிகாரம் மாதிரி முகமும் மேலே தட்டும் உள்ளது. நடுவில் வைத்தால் ஒரு கணக்கு, ஓரத்தில் வைத்தால் வேறு கணக்கு. மூன்றாவது, கண்ணாடித் தட்டு போட்ட பேட்டரித் தராசு. அதை அவள் கடைக்காரரின் கடப்பாக்கல் மேல் சமமாக வைத்து, ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டி, உப்பை நடுவில் வைத்தாள், நாலு மூலையிலும் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். ஆறு தடவையும் அது ஒரே எண்ணைக் காட்டியது. வாழ்நாளில் தானாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்த முதல் பொருள் அவளுக்கு அதுதான். புருஷனைக்கூட வீட்டுப் பெரியவர்கள்தான் பார்த்து முடிவு செய்தார்கள்.

வாங்கிய புதிதில் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தாள். தேங்காயை, செம்பை, அத்தையின் கைத்தடியை, குழந்தை தனுஸ்ரீயின் பொம்மையை. ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, மனசுக்குள் ஒரு எடை சொல்லி, பிறகு தட்டில் வைத்துச் சரிபார்ப்பாள். ஒரு மாதத்தில் அவள் கை பத்து கிராம் பிசகாமல் எடை சொல்லப் பழகிவிட்டது. அது யாருக்கும் தெரியாது, அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மாசி மாதம் பக்கத்து வீட்டுப் பாவாயி, மகன் சின்னராசுவுக்குக் கட்டிய பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தட்டில் வைத்ததும் ஒரு கிலோ எண்ணூற்று ஐம்பது என்று காட்டியது. பாவாயிக்கு எண்கள் தெரியும், எழுத்து வராது. அதனால் மைனாவதிதான் மார்க்கர் பேனாவால் சின்னராசு பேரையும், ராய்ப்பூர் ஏஜென்ட் ஆபீஸ் விலாசத்தையும், அதற்குக் கீழே எடையையும் துணிமேல் எழுதினாள். எழுதின எடையை ஒருதரம் சரிபார்த்துவிடலாம் என்று திரும்பத் தட்டில் வைத்தாள். சைபர் காட்டியது.

"என்ன கண்ணு, பேட்டரி தீந்து போச்சா?"

பேட்டரியை மாற்றினாள். சைபர். தட்டைத் துடைத்தாள். சைபர். உப்புப் பாக்கெட்டை வைத்தாள், ஒரு கிலோ. பார்சலை வைத்தாள், சைபர். கையில் தூக்கினால் அதே ஒண்ணேமுக்கால் கிலோவும் நூறு கிராமும் கனத்தது. பாவாயி மோவாயில் கைவைத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "போச்சாது போ, வெயிலுக்கு அதுக்கும் கிறுக்குப் புடிச்சிருக்கும்," என்று சொல்லிப் பார்சலை அனுப்பிவிட்டாள்.

இருபத்திரண்டு நாள் கழித்து அது இந்தியில் எழுதிய ஒரு சீட்டோடு, தையல் பிரியாமல் திரும்பி வந்தது. சின்னராசு வண்டியை விட்டு இறங்கி, அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறான் என்றும், அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று கூட்டாளிகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான் என்றும் அப்புறம் தெரிந்தது. பங்குனியில் கீழ்வீதி நல்லக்காளின் பார்சல் சைபர் காட்டியது. பார்சல் ரயிலில் போய்க்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கமிருந்து ஒரு வண்டி அவள் புருஷனைப் படுக்கவைத்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. யார் பேர் எழுதியிருக்கிறதோ அவர் கையால் பிரிக்கப்போவதில்லை என்றால் அந்தப் பார்சலுக்குத் தராசில் எடை இல்லை என்று ஊர் புரிந்துகொண்டது. புரிந்துகொண்டதே தவிர, ஏன் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எண்ணூறு அடியில் பாறையாக இருந்த இடம் ஒரு அடி தள்ளித் துளைத்தால் தண்ணீராகப் பீய்ச்சுவதைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள்.

ஆனாலும் எது சரியான தராசு என்று தெரிந்துகொள்ளவேண்டும் என்று தலைவர் குப்புசாமி சொன்னதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாரியம்மன் கோவில் மண்டபத்தில் ஊரில் உள்ள தராசுகளையெல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். பால் சொசைட்டித் தராசு வந்தது. அங்கன்வாடியில் குழந்தைகளைத் தூளியில் போட்டுத் தொங்கவிடும் தராசு வந்தது. கறிக்கடை ரங்கன் தன் இரும்புத் தராசைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். திரும்பிவந்த பாவாயியின் பார்சலை ஒவ்வொன்றிலும் வைத்தார்கள். சொசைட்டித் தராசு சைபர் என்றது. தூளித் தராசில் துணி இழுபட்டுத் தொங்கியது, முள் மட்டும் நகரவில்லை. ரங்கன் தராசின் ஒரு தட்டில் பார்சலும் மறு தட்டில் ஒன்றுமே இல்லாமலும் இரண்டும் சமமாக நின்றதைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டின.

"என் தராசு சர்க்காரு முத்திரை வாங்குனதுங்க, அதுல குத்தம் சொல்லாதீங்க," என்ற ரங்கனுக்கு வேர்த்துப்போனது.

"உன் தராசுக்குக் கறியிலதானப்பா கூடக் காட்டத் தெரியும், இதுக்கெல்லாம் தெரியுமா," என்றாள் ஒருத்தி.

கொஞ்ச நாள் அது வேடிக்கையாகக்கூட இருந்தது. கல்யாணப் பத்திரிகை அனுப்புகிறவர்கள், சண்டைபோட்டுப் போன பங்காளி கவரைப் பிரிப்பானா என்று பார்க்கக் கொண்டுவந்தார்கள். ஒரு பையன் நாமக்கல்லில் படிக்கும் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தை வைத்து, பன்னிரண்டு கிராம் காட்டியதும் பஸ் ஸ்டாப் வரைக்கும் குதித்துக்கொண்டே போனான். பேருந்து கேட்டு ஊர் சார்பில் மேலே எழுதிய மனு, நூற்று எழுபது கையெழுத்தோடு, சைபர் காட்டியது. "இது எனக்கு முன்னமே தெரியும், இதுக்கெதுக்குத் தராசு," என்று தலைவர் அதை அப்படியே தபாலில் போட்டுவிட்டார்.

போஸ்ட்மாஸ்டர் நடராசனுக்குத்தான் சங்கடம். எடையில்லாத பார்சலுக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்டுவது என்று அவர் புத்தகத்தில் இல்லை. டவுனுக்குப் போய்விட்டால் அங்குள்ள மெஷினில் எல்லாப் பார்சலும் ஒழுங்காக எடை காட்டின, ஊர் எல்லைக்குள்தான் இந்தக் கூத்து. இரண்டு மாதம் ஒப்பிட்டுப் பார்த்ததில், மைனாவதி கையால் எழுதின எடையும் டவுன் மெஷின் காட்டின எடையும் பத்து கிராம் மாறவில்லை என்று கண்டுகொண்டு, தன் தராசைத் துணிபோட்டு மூடி மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டார். மைனாவதி கையெழுத்தில் எடை இருந்தால் போதும் என்றார்.

வேடிக்கை சித்திரையோடு முடிந்தது. நல்லக்காளுக்கு அப்புறம் இன்னொரு வீட்டிலும் சைபர் வந்தது. அந்தப் பெண் தராசை விட்டு எழுந்திருக்காமல் தன் பார்சலை எடுப்பதும் வைப்பதுமாக மத்தியானம் வரைக்கும் இருந்தாள். அதைப் பார்த்த பெண்கள் தங்களுக்குள் பேசி, ஆண்களைக் கேட்காமலே ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். விலாசம் எழுதும் முன்னால் இனி யாரும் பார்சலை நிறுக்கக்கூடாது. நிறுத்தால் பிறகு ஒப்பிடத் தோன்றும். எழுதி முடித்ததும் மைனாவதி வீட்டுக்குக் கொண்டுவரவேண்டும். கொண்டுவந்தவள் தராசுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். மைனாவதி எடையைப் படித்துச் சொல்வாள். அவள் சொன்னதுதான் எடை. வாய் திறக்காத பெண் என்று அவளைக் கேலிபேசியவர்களே, வாய் திறக்காத பெண் என்பதால்தான் அவளை அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். மற்ற வீட்டுத் தராசுகள் பரணுக்குப் போயின, பழைய இரும்புக்கும் போயின.

அப்படி மைனாவதி தினமும் எடை சொன்னாள். முதுகைக் காட்டி நிற்கும் பெண்களின் பின்னங்கழுத்து வேர்வையையும், ஒருத்தி இடது பெருவிரலால் தரையைக் கீறுவதையும், ஒருத்தி சாமி பேர் முணுமுணுப்பதையும் பார்த்துக்கொண்டு, பார்சலை வாங்கும்போதே கையால் எடையை அறிந்துகொண்டு, தட்டில் வைத்து, தராசு எதைக் காட்டினாலும் ஒரே ஒரு மூச்சு இடைவெளி விட்டு, ஒரே குரலில் சொல்வாள். "ரெண்டு கிலோ நானூத்திப் பத்துங்க்கா." தராசு காட்டியது இரண்டு கிலோ நானூற்றுப் பத்தாக இருந்தாலும் அந்தக் குரல், சைபராக இருந்தாலும் அந்தக் குரல். பெண்கள் மூச்சு விட்டுத் திரும்புவார்கள், சிரிப்பார்கள், குழந்தையைக் கொஞ்சுவார்கள், போவார்கள். சைபர் வந்த பார்சல்காரிகள் போனபிறகு அவள் பத்து நிமிஷம் அடுப்படியில் சும்மா நின்றுவிட்டு வருவாள். ஒருத்தருக்கும் அவள் பொய் பிடிபடவில்லை, ஏனென்றால் எடையில் பொய் இல்லை.

வைகாசியில் அவள் புருஷன் அர்த்தநாரியின் போன் நின்றுபோனது.

போன வருஷம் ஐப்பசியில், குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்போது வண்டி ஏறியவன். வாரம் இரண்டுதரம் கூப்பிடுவான், பேசாத அவளிடம் பேசாமல் குழந்தையின் காதில் போனை வைக்கச் சொல்லுவான். அந்தப் போன் முதலில் அடித்து எடுக்கப்படாமலும், பிறகு அணைக்கப்பட்டுள்ளது என்ற பெண் குரலாகவும் ஆனது. ஏஜென்ட்டைக் கேட்டால், அவன் வேறு வண்டிக்கு மாறி உள்ளே காட்டுப்பக்கம் போய்விட்டான், அங்கே டவர் இல்லை என்றார். ஆடியில் கேட்டபோதும் அதையே சொன்னார், ஆவணியிலும் சொன்னார், புரட்டாசியில் அவரும் போனை எடுக்கவில்லை.

மைனாவதி அந்த மாதங்களில் ஒரு பார்சலும் அனுப்பவில்லை. பொடி அரைத்து வைப்பாள், மாதம் முடிந்ததும் அதைத் தாங்களே சாப்பிட்டுவிடுவார்கள். அத்தை ஒன்றும் கேட்கமாட்டாள். மகனைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வியை மருமகளிடம் கேட்க அவளுக்கும் பயம். ஊரும் கேட்கவில்லை. கிணற்றடியில் அவள் வந்ததும் பேச்சு மழைக்கு மாறும், அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்து தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் ஏஜென்ட் ஆபீஸிலிருந்து யாரோ ஒருவர் கூப்பிட்டு, கடைசியாக இருந்த இடம் இதுதான் என்று ஒரு விலாசம் சொன்னார். மைனாவதி அதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். சுவர் பிடித்து நடந்த குழந்தை அந்த வாரம்தான் கையை விட்டு நடக்க ஆரம்பித்திருந்தது.

அன்றைக்கே அரைத்தாள், வறுத்தாள், உருட்டினாள். கொள்ளுப்பொடி, எள்ளுருண்டை, முறுக்கு, ஊறுகாய் ஜாடி, ஒரு கட்டம்போட்ட சட்டை, ஒரு துண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில், நடந்து பழகியதில் அடி தேய்ந்த தனுஸ்ரீயின் பீப்பீ செருப்பு ஒரு ஜோடி. குழந்தை நடந்ததை அவன் பார்க்கவில்லை, தேய்ந்ததையாவது பார்க்கட்டும். துணியை மடித்துத் தைத்தாள், விலாசம் எழுதினாள். அர்த்தநாரி என்று எழுதும்போது கை நிதானமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பாவாயியைக் கூப்பிட்டாள்.

"நீங்க படிச்சுச் சொல்லோணும்க்கா."

பாவாயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நானா? அட ஏங் கண்ணு. நல்லக்காளைக் கூப்பிடு. இல்லாட்டி நீயே பாத்துக்க, உனக்கென்ன?"

"என் பார்சலுக்கு நானே எப்படிங்க்கா முதுகைக் காட்டிட்டும் நிக்கறது, பாத்துட்டும் நிக்கறது?"

அவள் அவ்வளவு நீளமாகப் பேசிப் பாவாயி கேட்டதில்லை. உள்ளே வந்தாள். முந்தானையால் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அத்தை பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

மைனாவதி உள்ளறையிலிருந்து பார்சலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எத்தனையோ மாதமாகச் செய்து பழகிய கை, அவள் வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தும் கேட்காமல், கதவிலிருந்து தராசு வரைக்குமான ஏழு காலடியில் எடையைச் சொல்லிவிட்டது. மூன்று கிலோ இருநூற்று நாற்பது. பார்சலைப் பாவாயி கையில் கொடுத்துவிட்டு, தராசுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றாள்.

இத்தனை பெண்கள் பார்த்து நின்ற சுவரை அவள் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தாள். அந்த உயரத்தில் சுண்ணாம்பு உரிந்து, நகம் பட்ட கீறல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

பின்னால் பாவாயி பார்சலைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து செருப்பு ஒருதரம் கீச்சென்றது. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

ஒரு மூச்சு போனது. தான் எப்போதும் விடும் இடைவெளி அது என்று மைனாவதி நினைத்தாள். இரண்டாவது மூச்சு போனது. மூன்றாவது போனது. பின்கட்டில் அத்தை குழந்தைக்குக் கோழி காட்டிக்கொண்டிருந்தாள். பாவாயியின் வளையல் தராசுக் கண்ணாடியில் ஒருமுறை உரசியது, பார்சலை எடுத்துத் துடைத்து மறுபடியும் வைக்கிறாள் என்று தெரிந்தது. மறுபடி ஒருதரம் கீச்சென்றது. மைனாவதி கீறல்களை எண்ணிக்கொண்டே இருந்தாள், எண்ணிக்கொண்டிருக்கிறவரைக்கும் பாவாயி ஒன்றும் சொல்லாமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

"ரெண்டு கிலோ நூறு கண்ணு!"

சந்தையில் கூவி விற்கும் குரலில் பாவாயி சொன்னாள். "நல்லாப் பாத்துட்டேன். ரெண்டு கிலோ நூறு. நல்ல கனமாத்தான் இருக்குது போ."

மைனாவதியின் இரண்டு கையிலும் மூன்று கிலோ இருநூற்று நாற்பது இன்னும் இருந்தது. பாவாயிக்கு எடை அறியும் கை இல்லை. அப்படி ஒரு கை வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, ஏனென்றால் மைனாவதிக்கு அது இருப்பதே யாருக்கும் தெரியாது. முதுகைக் காட்டி நின்ற அத்தனை பெண்களுக்கும் தன்னால் கொடுக்க முடிந்ததைத் தனக்குக் கொடுக்க ஊரில் ஒருத்தரும் இல்லை என்று, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்த அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

விரல்கள் சுவரில் இருந்தன. மெதுவாக எடுத்துக்கொண்டாள். முறைப்படி திரும்ப வேண்டும். திரும்பினாள்.

பாவாயி தராசிலிருந்து பார்சலை அதற்குள் எடுத்துவிட்டிருந்தாள். குழந்தையைப் பிடிப்பதுபோல வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, சிரித்த முகமாக நின்றாள். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை, அதை நிறுத்திவைக்க அவள் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். சின்னராசுவின் பார்சல் திரும்பி வந்த நாளில்கூட அவள் அழுது மைனாவதி பார்த்ததில்லை. இப்போது மூக்கு நுனி சிவந்திருந்தது.

"நான் சரியாத்தானே கண்ணு படிச்சேன்?"

மைனாவதி பார்சலை வாங்கிக் கடப்பாக்கல் மேல் வைத்து, மார்க்கர் மூடியைக் கழற்றி, விலாசத்துக்குக் கீழே கோணாமல் 2.100 என்று எழுதினாள். எழுதியது காய்வதற்கு ஊதினாள்.

"சரியாப் படிச்சீங்க்கா," என்றாள்.